படிக்காத தோழிக்கு ஒரே ஒரு புத்தகம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

பாடநூலைத் தவிர வேறு எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்து முடிக்காத ஒருவருக்கு, நமக்கு மிகவும் பிடித்த கதைகளிலிருந்து ஒன்றே ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால் எதைக் கொடுப்பது? வாசிப்பில் ஊறிய எந்த மாணவருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்து சேரும். எனக்கு அது கல்லூரித் தோழி ஒருத்தியின் வழியாக வந்தது. அவள் கணிதம் படிக்கிறாள். சிறுவர் நாவல்களையும் இளையோர் நாவல்களையும் பற்றி நான் ஓயாமல் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இந்த விடுமுறையில் ஒன்றை மட்டும் படிப்பதாகவும் அது எதுவென்று நானே முடிவு செய்ய வேண்டுமென்றும் சொல்லிவிட்டாள். பத்துப் புத்தகங்கள் என்றால் யாரும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம். ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், ஒவ்வொன்றும் புதிய வாசகரிடம் எதைக் கேட்கிறது, பதிலுக்கு எவ்வளவு சீக்கிரம் எதைத் தருகிறது என்று நிறுத்துப் பார்க்காமல் வழியில்லை.

முதலில் எழும் ஆசை, நமக்கு எது உயிரோ அதையே கொடுத்துவிடுவது. அந்த ஆசையைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் நான் கண்டுகொண்ட முதல் விஷயம். எட்டு வயதில் படித்த கதையின் மீது நமக்கிருக்கும் பிடிப்பில் பாதி அந்தக் கதையால் வந்தது. மீதிப் பாதி அதைப் படித்த வயதால் வந்தது. பத்தொன்பது வயதில் முதன்முறையாக அதே பக்கங்களைத் திறப்பவருக்கு அந்த இரண்டாவது பாதி கிடைக்காது. ஆகவே ஒரு புத்தகம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, முதல் ஐம்பது பக்கங்களுக்குள் அது ஒரு அந்நியரை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்க்க முடிவு செய்தேன். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: கதை அந்த ஒரு புத்தகத்துக்குள்ளேயே முடிய வேண்டும். வாழ்க்கையில் ஒரு நாவலைக்கூட முடித்திராத ஒருவருக்கு, கடைசிப் பக்கத்தை அடைந்த நிறைவு கிடைப்பது மிக முக்கியம் என்று நான் நம்புகிறேன். அந்த நிறைவு இல்லாமல் இரண்டாவது புத்தகம் கைக்கு வராது.

சிறுவர் இலக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். எனது பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் இருப்பது இ. பி. வைட் எழுதி 1952-இல் வெளிவந்த 'சார்லட்ஸ் வெப்'. ஒரு பன்றிக்குட்டியைக் கசாப்பிலிருந்து காப்பாற்ற, அதன் தொழுவத்து வாசலில் வலை பின்னி வாழும் ஒரு சிலந்தி, தன் வலையிலேயே சொற்களை நெய்கிறது. இவ்வளவுதான் கதை. அது தொடங்கும் விதத்துக்கு ஈடாக வேறொன்றை நான் படித்ததில்லை. காலை உணவு வேளையில், அப்பா கோடரியோடு எங்கே போகிறார் என்று ஒரு சிறுமி கேட்கும் கேள்விதான் முதல் வரி. ஒரே வரியில் வீடும் வந்துவிடுகிறது, ஆபத்தும் வந்துவிடுகிறது. வைட் தம் பண்ணைக் கொட்டிலில் சிலந்திகளை நேரில் கவனித்துவிட்டு எழுதியவர். அதனால் சார்லட்டின் வாழ்க்கை ஒரு சிலந்தியின் உண்மையான ஆயுளை மீறவில்லை. முட்டைப் பையைப் பின்னி முடித்ததும் அது இறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அருகில் யாரும் இல்லை. சிறுவர்களுக்கான கதைதானே என்று அந்த மரணத்தை அவர் மழுப்பவில்லை. பிற்காலத்தில் இந்தக் கதையைத் தம் சொந்தக் குரலில் ஒலிநூலாகப் பதிவு செய்தபோது, அந்த இடத்தைக் குரல் உடையாமல் வாசித்து முடிக்க அவருக்கே பலமுறை முயல வேண்டியிருந்தது.

இவ்வளவு இருந்தும் இதைத் தோழிக்குத் தரும் முதல் புத்தகமாக நான் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் கதையில் இல்லை. அதை ஏந்தப்போகும் கையில் இருக்கிறது. வாசிப்புக்குப் புதியவரான ஒரு கல்லூரி மாணவி, அட்டையில் பன்றிக்குட்டியும் சிறுமியும் இருக்கும் புத்தகத்தைப் பொது இடத்தில் விரித்துப் படிக்கக் கூச்சப்படுவாள். நிறையப் படித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இருப்பதில்லை. சிறுவர் நூல் என்பது எளிய நூல் அன்று என்று அவர்களுக்குத் தெரியும். புதியவரோ, என்னைச் சிறுபிள்ளை என்று நினைத்துத்தானே இதைக் கொடுத்தாய் என்று எண்ணிவிடக்கூடும். அந்த எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், சார்லட் எவ்வளவு அழகாகப் பேசினாலும் காதில் விழாது. இது மூன்றாவது நான்காவதாகப் படிக்க வேண்டிய நூல். அப்போது அது தன் முழு வலிமையோடு இறங்கும்.

'குட்டி இளவரசன்' என்று தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கும் நூலுக்கு இந்தக் கூச்சம் இல்லை. பெரியவர்கள் அதைத் தங்களுக்கானதாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விமானியான அந்த்வான் து செந்த்-எக்சுபெரி, தாமே தீட்டிய நீர்வண்ண ஓவியங்களுடன் அதை 1943-இல் நியூயார்க்கில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று வேவுப் பணிக்காகப் பறந்து சென்றவர் திரும்பவில்லை. 27 சிறு அத்தியாயங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒரு பெரியவருக்கு இந்தப் புத்தகத்தைச் சமர்ப்பித்ததற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கும் அதன் சமர்ப்பண உரையே ஒரு தனிச் சிறுகதை போல இருக்கும். ஆனால் அதில் கதை என்று இழுத்துச் செல்லும் கயிறு மெல்லியது. இளவரசன் ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்குப் போகிறான். அரசன், தற்பெருமைக்காரன், குடிகாரன், வணிகன் என்று ஒவ்வொருவராகச் சந்திக்கிறான். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு வாசகருக்கு ஏற்படுவதில்லை. வாசிக்கப் பழகாத மனம், இவையெல்லாம் எதைக் குறிக்கின்றன என்று பொருள் தேட ஆரம்பித்துவிடும். இலக்கியம் என்றால் பொருள் கண்டுபிடிக்கும் பயிற்சி என்ற எண்ணத்தை வகுப்பறை ஏற்கெனவே தந்திருக்கிறது; முதல் புத்தகமே அதை உறுதிப்படுத்த வேண்டாம்.

'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. லூசி மாட் மாண்ட்கோமரியின் 1908-ஆம் ஆண்டு நாவலான அதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். ஆனால் முதல் பத்தி முழுவதும் ஒரே வாக்கியம். முதல் அத்தியாயம் முழுவதும் பக்கத்து வீட்டு அம்மாளின் வியப்பு. நாயகி வருவதே இரண்டாவது அத்தியாயத்தில்தான். பூத்த மரங்களின் வருணனைகளில் மூழ்கத் தெரிந்தவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்கு அது 38 அத்தியாயங்கள் கொண்ட மலைப்பு.

மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ஹாரி பாட்டராகத்தான் இருக்கும். என் தலைமுறையில் வாசிப்புக்குள் வந்தவர்களில் கணிசமானோர் அந்த வாசல் வழியாகவே வந்தார்கள் என்பதால், அதை விலக்கி வைக்க வலுவான காரணம் வேண்டும். பல பதிப்பகங்கள் நிராகரித்த முதல் நூலின் தொடக்கப் பக்கங்களை லண்டன் பதிப்பாளர் ஒருவர் தம் எட்டு வயது மகளிடம் கொடுக்க, அவள் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்ட கதை பலருக்கும் தெரிந்ததே. அந்தக் குழந்தையின் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆயினும் தோழியின் நிபந்தனையை வைத்துப் பார்த்தால் இரண்டு தடைகள் தெரிகின்றன. 1997-இல் வந்த முதல் நூலில் 17 அத்தியாயங்கள் இருக்கின்றன. ஹாரி பள்ளிக்குள் காலடி வைப்பது ஏழாவதில்தான். அதுவரை வருபவை உறவினர் வீட்டுக் கொடுமையும், கடிதங்களும், கடைத்தெருவும், ரயிலும். குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு இன்பமாக இருக்கும். திரைப்படங்களை முன்பே பார்த்துவிட்ட பத்தொன்பது வயதுக்காரருக்கு, தெரிந்த வழியில் மெதுவாக நடப்பது போலிருக்கும். இன்று இந்தக் கதையின் முடிவு தெரியாதவரைக் கண்டுபிடிப்பதே அரிது.

இரண்டாவது தடை அதன் நீளம். முதல் நூலின் பிரிட்டிஷ் பதிப்பு 223 பக்கங்கள். ஐந்தாவது நூல் 766 பக்கங்கள். ஏழு நூல்களும் வெளிவந்து முடிய 2007 வரை ஆனது. அந்த ஆண்டுகளில் அவற்றோடு வளர்ந்த வாசகர்களுக்கு, ஹாரிக்கு வயது ஏற ஏறக் கதையும் கனத்துக்கொண்டே வந்தது ஒரு பேறு. முதல் நூலைத் தனியாகப் படித்தாலும் ஒரு முடிவு கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைக் கீழே வைக்கும் ஒவ்வொருவரும் இன்னும் ஆறு பாக்கி இருக்கின்றன என்று அறிந்தே வைக்கிறார்கள். முடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிரும் கணம் அங்கே தள்ளிப்போய்விடுகிறது.

ரிக் ரையார்டனின் பெர்சி ஜாக்சன் கதைகளும் இதே வகைப்பட்டவைதான். 2005-இல் வந்த முதல் நூல் பாட்டரைவிட விரைவாகத் தொடங்குகிறது. கவனக்குறைபாடும் எழுத்துகளைப் படிப்பதில் சிரமமும் கொண்ட தம் மகனுக்குப் படுக்கை நேரத்தில் சொன்ன கதைகளிலிருந்து அவர் உருவாக்கிய நாயகனுக்கும் அதே சிரமங்கள் இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. படிக்கத் திணறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். தோழிக்கு அந்த வயது கடந்துவிட்டது.

இனி இளையோர் நாவல்கள். இங்கே உண்மையான போட்டி தொடங்குகிறது. முன்னே உள்ளவை பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்தவை. இளையோர் நாவல் அதற்கு மேற்பட்ட, பதின்வயது முழுவதையும் தனதாகக் கொண்டது. பதின்வயது முடியும் தறுவாயில் இருப்பவருக்கு இதில் தன் வயதின் சாயல் இன்னும் ஒட்டியிருக்கும்.

வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' எல்லாவற்றையும் வென்றுவிடும். 2008-இல் வெளிவந்த அந்த நாவலில், ஒரு கொடுங்கோல் தலைநகரம் தன் ஆளுகைக்குட்பட்ட 12 மாவட்டங்களிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக இருவரை, மொத்தம் 24 பிள்ளைகளை, ஆண்டுதோறும் பிடித்துச் சென்று, ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறது. தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, போட்டி நிகழ்ச்சியும் போர்க் காட்சிகளும் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று கலந்ததில் இந்தக் கதை பிறந்தது என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். கிரேக்கத் தொன்மத்தில் ஏதென்ஸ் நகரப் பிள்ளைகள் அரக்கனுக்கு இரையாக அனுப்பப்படும் கதையும் அதில் சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகிய கை என்பது கட்டமைப்பிலேயே தெரியும்: மூன்று பாகங்கள், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் புத்தகத்தை மூட முடியாத இடத்தில் போய் நிற்கின்றன. முதல் அத்தியாயத்தின் கடைசி வரியில் குலுக்கலில் வரும் பெயரைப் படித்த பிறகு இரண்டாவதைத் தொடங்காமல் விட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாயகியே நிகழ்காலத்தில் சொல்லிச் செல்வதால், அவள் பிழைப்பாளா என்ற உறுதி கடைசிவரை கிடைக்காது. ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் படிப்பவர்களுக்கும் வாக்கியங்கள் தெளிவாக இருக்கும்.

இதைத்தான் கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். தயங்க வைத்தது அதன் முடிவு. முதல் நூல் ஒரு மனக்கசப்பில் நின்றுவிட்டு, முதல் புத்தகம் இத்துடன் முடிகிறது என்று தானே அறிவித்துக்கொள்கிறது. மற்ற இரண்டையும் படித்தால்தான் அந்த வன்முறைக்கெல்லாம் என்ன பொருள் என்பதும், புரட்சி என்பது அதில் ஈடுபட்டவர்களை என்ன செய்தது என்பதும் விளங்கும். முதல் நூலை மட்டும் படித்து நிறுத்துபவருக்கு, போட்டியில் யார் வென்றார்கள் என்பதே நினைவில் நிற்கும். அப்படி நின்றால், அந்தத் தலைநகரத்துப் பார்வையாளர்கள் எதை ரசித்தார்களோ அதையே நாமும் ரசித்துவிட்டுப் போனதாக ஆகிவிடும். காலின்ஸ் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர். மூன்றையும் படிப்பேன் என்று உறுதியளிப்பவருக்கு இதைவிடச் சிறந்த பரிந்துரை இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டவருக்கு இது அரைக் கதை.

லோயிஸ் லவ்ரியின் 'தி கிவர்' ஒரே நூலில் முடிகிறது, ஒரு வகையில். 1993-இல் வெளிவந்து அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற இந்த நாவலில், வலியும் போரும் பசியும் ஒழிக்கப்பட்ட ஒரு சமூகம் இருக்கிறது. வலியோடு சேர்த்து நினைவுகளும் ஒழிக்கப்பட்டுவிட்டன. அந்தச் சமூகத்தின் பழைய நினைவுகளையெல்லாம் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். பன்னிரண்டு வயதை எட்டும் ஜோனஸ், அவரிடமிருந்து அவற்றைப் பெற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். நோயால் நினைவை இழந்துகொண்டிருந்த தம் தந்தையைச் சந்தித்துத் திரும்பிய நாட்களில் இந்தக் கதை தமக்குள் உருவானதாக லவ்ரி பதிவு செய்திருக்கிறார். துயரமான நினைவுகளை நீக்கிவிட்டால் மனிதருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. அதை அறிந்துகொண்டு மறுபடி படித்தபோது, அந்த முதியவர் களைத்துப் படுத்திருக்கும் காட்சிகள் முன்பைவிட அதிகமாக என்னை வருத்தின.

இந்த நாவலின் தந்திரம் எனக்கு எப்போதும் வியப்பு. அந்த உலகத்தில் நிறங்கள் இல்லை என்பதை ஆசிரியர் தொடக்கத்தில் சொல்வதில்லை. ஜோனஸ் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆப்பிளில் ஏதோ ஒரு கணம் மாறுகிறது. என்னவென்று அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அவன் கண்டது சிவப்பு என்று பின்னர் தெரியவரும்போது, அதுவரை படித்த பக்கங்களையெல்லாம் நாம் நிறத்தோடு கற்பனை செய்துகொண்டிருந்தது தவறு என்று புரிந்து திடுக்கிடுகிறோம். எழுத்தில் மட்டுமே செய்யக்கூடிய வித்தை இது. திரைப்படம் முதல் காட்சியிலேயே கறுப்பு வெள்ளையைக் காட்டியாக வேண்டும். படிப்பதற்கும் பார்ப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் இந்த ஆப்பிள்தான்.

எனினும் முதல் பகுதி அமைதியானது. சமூகத்தின் விதிகள், சடங்குகள், வேலை ஒதுக்கீடு என்று விவரங்கள் வரிசையாக வருகின்றன. ஆபத்து உறைப்பது பாதிக்கு மேல்தான். முடிவோ திறந்தே விடப்படுகிறது. பனியில் சறுக்கிக்கொண்டு போகும் சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். பின்னால் லவ்ரி அதே உலகில் வேறு மூன்று நாவல்களை எழுதியபோதுதான் அதற்கு விடை கிடைத்தது. எனக்கு அந்தத் திறந்த முடிவு பிடிக்கும். ஆனால் நிரூபணத்தின் கடைசி வரியை எதிர்பார்த்துப் பழகிய கணித மாணவிக்கு, இத்தனை தூரம் வந்த பிறகு கைவிட்டது போலத் தோன்றக்கூடும் என்ற அச்சம் எனக்குண்டு.

'தி அவுட்சைடர்ஸ்' எழுதத் தொடங்கியபோது எஸ். இ. ஹிண்டனுக்கு வயது 15. 1967-இல் அது வெளியானபோது வயது 18. பையன்களின் கும்பல் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதியது என்றால் விமர்சகர்கள் படிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் இடம்பெற்றன. பெற்றோரை விபத்தில் இழந்து, இரண்டு அண்ணன்களின் பொறுப்பில் வளரும் பதினான்கு வயது போனிபாய் கதையைச் சொல்கிறான். ஊரின் ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடக்கும் மோதல் ஓர் இரவு கொலையில் முடிகிறது; அதற்குப் பிறகு வரும் நாட்களே நாவல். தன் வயதுக்காரர்களைப் பற்றிய உண்மையான கதைகள் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் ஒரு மாணவி எழுதிய நூல் இது. ஒவ்வொரு உணர்ச்சியும் முழு அளவில் கொட்டுகிறது. சில இடங்களில் அளவு மீறுகிறது என்று முதிர்ந்த வாசகர் சொல்லலாம். பதின்வயதில் உணர்ச்சிகள் அந்த அளவில்தான் இருக்கின்றன என்பதே என் பதில். பெரியவர் ஒருவர் நினைவிலிருந்து எழுதியிருந்தால் இந்தச் சூடு வந்திருக்காது.

மாணவர்களின் ஆர்வம் ஒரு புத்தகத்துக்கு என்ன செய்யும் என்பதற்கும் இதுவே நல்ல சான்று. கலிஃபோர்னியாவின் பள்ளி ஒன்றில், இந்த நாவலை விரும்பிப் படித்த மாணவர்களும் அவர்களுடைய நூலகரும் சேர்ந்து, இதைத் திரைப்படமாக எடுக்க வேண்டுமென்று கையெழுத்துகளுடன் ஒரு கடிதத்தை இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு அனுப்பினார்கள். அவர் நூலைப் படித்தார். 1983-இல் படம் வெளிவந்தது. பிள்ளைகள் எழுதிய ஒரு கடிதம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், பிடித்த புத்தகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதில் நான் காட்டும் பிடிவாதம் இன்னும் கூடுகிறது.

நூல் 12 அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது. முடிவும் இறுக்கமானது: போனிபாய் எழுதத் தொடங்கும் கட்டுரையின் முதல் வாக்கியம், நாம் படித்த நாவலின் முதல் வாக்கியமேதான் என்று தெரியும்போது வட்டம் மூடிக்கொள்கிறது. குறை என்றால் இரண்டு. முதல் அத்தியாயத்திலேயே ஏழு பையன்கள் பட்டப்பெயர்களோடு அடுத்தடுத்து அறிமுகமாகிறார்கள். யார் யாரென்று பிரித்துக்கொள்ளப் புதிய வாசகருக்குச் சிரமம். அறுபதுகளின் அமெரிக்கத் தெருப் பேச்சு ஆங்காங்கே அகராதிக்கும் அடங்காது. இருபது பக்கங்கள் பொறுத்துக்கொண்டால் இரண்டும் தீர்ந்துவிடும். ஆனால் முன்பு பல புத்தகங்களைப் பாதியில் வைத்தவர்கள் பெரும்பாலும் அந்த இருபது பக்கங்களுக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்'. 1998-இல் வெளிவந்து, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவிலும், அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கத்தையும் பெற்றது. திருடாத காலணிகளைத் திருடியதாகத் தண்டிக்கப்பட்ட ஸ்டான்லி என்ற பையன், டெக்சஸ் பாலைவெளியில் உள்ள சீர்திருத்த முகாமுக்கு அனுப்பப்படுகிறான். முகாமின் பெயரில் ஏரி இருக்கிறது. ஊரில் ஏரி இல்லை, எப்போதோ வற்றிவிட்டது. ஒவ்வொரு பையனும் நாள்தோறும் ஐந்தடி ஆழமும் ஐந்தடி அகலமும் கொண்ட வட்டக் குழி ஒன்றைத் தோண்ட வேண்டும். உழைப்பு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று முகாம் சொல்கிறது. உண்மையில் எதையோ தேடுகிறார்கள். அந்தக் குழியின் கன அளவைத் தோழி நிச்சயம் கணக்கிடுவாள்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 98 கன அடி மண். அதைக் கணக்கிட்ட பிறகு ஸ்டான்லியின் கைக் கொப்புளங்கள் அவளுக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும்.

தொடக்கத்தில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த நாவலில் மூன்று காலங்கள் ஓடுகின்றன. முகாமில் ஸ்டான்லி; நூறாண்டுக்கும் மேல் பின்னோக்கி, ஏரி நிறைந்திருந்த காலத்து ஊரில் வெங்காயம் விற்கும் கறுப்பின இளைஞன் ஒருவனும் வெள்ளையின ஆசிரியை ஒருத்தியும்; அதற்கும் முன்னால் லாட்வியாவில், கொடுத்த வாக்கை மறந்துபோய்த் தலைமுறைக்கே சாபத்தை வாங்கிவந்த ஸ்டான்லியின் முப்பாட்டன். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலவே நகர்கின்றன. வெங்காயம், பல்லி, காலணி, ஒரு தாலாட்டு, மலைமேல் சுமந்து செல்லும் பாரம் என்று வழியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் கதைக்கு நிறம் சேர்க்க வந்தது என்றே நினைத்துக் கடந்துபோகிறோம். பின்பாதியில் அவை ஒவ்வொன்றாக வந்து பொருந்தத் தொடங்குகின்றன. தேவையற்றது என்று ஒதுக்கிய விவரமே விடையாக நிற்கிறது. நீண்ட நிரூபணத்தில் முன்பே எழுதி வைத்த ஒரு சிறு வரி, கடைசிப் படியில் திடீரென்று பயன்படும்போது கிடைக்கும் மகிழ்ச்சியைத் தோழி பலமுறை என்னிடம் விவரித்திருக்கிறாள். அந்த மகிழ்ச்சி நாவலிலும் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மற்ற அளவுகோல்களிலும் இது தோற்கவில்லை. சுமார் இருநூற்று முப்பது பக்கங்களை 50 அத்தியாயங்களாக வெட்டியிருக்கிறார் சாக்கர். முதல் அத்தியாயம் இரண்டு பக்கங்களுக்கு மேல் போகாது. வாசிக்கப் பழகாதவருக்கு இந்தச் சிறு அத்தியாயங்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பழகியவர்கள் மறந்துவிடுகிறோம்: ஒன்று முடிந்தது, இன்னொன்று மட்டும் பார்ப்போம் என்று கை தானாகப் புரட்டும். வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் அன்றாடம் புழங்குபவை. ஆயினும் கதையில் வரும் நிறவெறியும் அதிகாரத்தின் கொடூரமும் சிறுவர்களுக்காக மென்மையாக்கப்படவில்லை. வெங்காயக்காரனுக்கு நேர்வது எந்தப் பெரியவர் நாவலிலும் வரக்கூடிய அநீதி. ஆகவே பத்தொன்பது வயதில் படிப்பவர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அதோடு, எழுதப் படிக்கத் தெரியாத ஜீரோ என்ற பையன் இருக்கிறான். முகாமில் யாரும் பொருட்படுத்தாத அவனுக்கு ஸ்டான்லி எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கிறான். பதிலுக்கு அவன் ஸ்டான்லியின் குழியில் ஒரு பகுதியைத் தோண்டித் தருகிறான். உடன்படிக்கையாகத் தொடங்கியது நட்பாக மாறும் அந்தப் பக்கங்கள், இந்தப் பட்டியலில் உள்ள நூல்களிலேயே வாசிப்பைப் பற்றி மிக நேர்மையாக எழுதப்பட்டவை என்று கருதுகிறேன். படிக்கத் தெரியாமை அறிவின்மை அன்று என்பதை ஜீரோவின் கணக்குத் திறமையே காட்டிவிடுகிறது. எழுதக் கற்றுக்கொண்டு தன் பெயரை முதன்முறை எழுதும்போது அவன் முகத்தில் பரவும் சிரிப்பு எனக்கு மனப்பாடம்.

'ஹோல்ஸ்' மீது வைக்கக்கூடிய குறை ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. எல்லாம் மிக அழகாகப் பொருந்திவிடுகிறது. 'தி கிவர்' மனத்தில் விட்டுச்செல்லும் தீராத கேள்வியோ, 'தி அவுட்சைடர்ஸ்' விட்டுச்செல்லும் காயமோ இதில் குறைவு. எனக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் அந்த இரண்டில் ஒன்றையே எடுப்பேன். முதல் நாவலை முடிக்கப்போகும் ஒருவருக்கோ, பொருந்தி முடிவதே பலம்.

திரைப்படம் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்ற கேள்வி இதற்கும் வரும். 2003-இல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் சாக்கரே, நல்ல படம்தான். ஆனால் காலங்களுக்கிடையிலான முடிச்சுகளை அவிழ்க்கும் வேலையைப் படம் நமக்காகச் செய்துவிடுகிறது. அந்த வேலையில்தான் இன்பமே இருப்பதால், புத்தகத்தை முடிக்கும்வரை அதைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். ஒலிநூலையும் இந்த ஒரு நூலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பெயர் எங்கே வந்தது என்று பின்னால் புரட்டிச் சரிபார்க்கும் வசதி இதற்குத் தேவை. அச்சுப் புத்தகமே சரி.

ஆகவே தோழிக்கு 'ஹோல்ஸ்'. முதல் பாகம் 28 அத்தியாயங்கள் கொண்டது. அதுவரை படித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் திருப்பித் தரலாம் என்று சொல்லியே கொடுக்கிறேன். அங்கே அவள் நிறுத்திவிட்டால், புதிரைவிட மனிதர்களே அவளுக்கு வேண்டியிருக்கிறார்கள் என்று பொருள் கொண்டு, 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எடுத்து, அந்த ஏழு பையன்களின் பெயர்களையும் பட்டப்பெயர்களையும் ஒரு சிறு தாளில் எழுதி முதல் பக்கத்தில் செருகித் தருவேன். முழுவதும் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டால் 'தி கிவர்' தயாராக இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த ஆப்பிளைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கக் கூடாது.